வந்தவளா, வாழ்ந்தவளா? நியூ இங்கிலாந்தின் சூனிய வழக்குகள்

வாசகர் கேள்வி: பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் காலத்து அமெரிக்கா பற்றிய கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. தனியாகக் கப்பலில் வந்திறங்கும் இளம்பெண், ஊருக்குப் புதியவள், கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஊரே கூடி சூனியக்காரி என்று முத்திரை குத்திவிடும். வெளியாள் என்பதால்தான் மாட்டிக்கொண்டாள் என்பது வரலாற்றுப்படி சரியா? மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்தில் எரித்தார்களே, அவர்களில் எத்தனை பேர் இப்படி?

செப்டம்பர் 14, 2024

யாரையும் எரிக்கவில்லை. அதை முதலில் முடித்துவிடுவோம். நியூ இங்கிலாந்து, அதாவது அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் நடந்தது இங்கிலாந்துச் சட்டமுறை. அதில் சூனியத்துக்குத் தூக்குதான். 1692-இல் சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற எண்பது வயதுக்காரர் விசாரணைக்கு உடன்பட மறுத்ததால் மேலே பாறாங்கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையிலேயே செத்தார்கள்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலும் சரியில்லை. வந்தவளை விரட்டினார்கள், கூடவே வாழ்ந்தவளைத்தான் தூக்கிலிட்டார்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 15, 2024

1656-ஆம் ஆண்டு பாஸ்டனை எடுத்துக்கொள்வோம். ஜூன் 19 அன்று ஆன் ஹிப்பின்ஸ் என்ற விதவையைத் தூக்கிலிட்டார்கள். இவர் யாரோ வழிப்போக்கர் அல்ல. கணவர் வில்லியம் ஹிப்பின்ஸ் பணக்கார வியாபாரி, குடியேற்றத்தின் ஆட்சிக்குழுவிலேயே உட்கார்ந்திருந்தவர். ஆனால் ஆன் அம்மாளுக்கு வாய் அடங்காது. 1640-இல் வீட்டில் மரவேலை செய்த தச்சர்கள் கூலியை ஏற்றிக் கேட்டார்கள் என்று சண்டை பிடித்தார். சமாதானம் பேச வந்தவர்கள் சொன்னதையும் ஏற்கவில்லை, கணவர் சொன்னதையும் கேட்கவில்லை. அடுத்த வருடம் திருச்சபையை விட்டே நீக்கினார்கள். 1654-இல் கணவர் இறந்தார். அவர் போன கையோடு சூனிய வழக்கு வந்துவிட்டது. ஜூரி குற்றவாளி என்றது, நீதிபதிகள் ஏற்கவில்லை, கடைசியில் குடியேற்றத்தின் உச்ச அவையான பொதுமன்றம் வரை இழுத்துத் தூக்கில் போட்டார்கள். அக்கம்பக்கத்தாரைவிடப் புத்தி கூடுதலாக இருந்ததற்காகத்தான் அந்த அம்மாள் செத்தாள் என்று ஜான் நார்ட்டன் என்ற போதகரே பின்னால் சொன்னதாகக் கூறப்படுகிறது. தெருவில் இரண்டு பேர் பேசுவதைப் பார்த்து, அவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சரியாகச் சொல்லிவிட்டாராம். அதுவும் ஒரு சாட்சியம்!

இதற்குச் சில வாரங்கள் கழித்து, ஜூலையில், நீங்கள் கேட்ட கதை அப்படியே நடந்தது. பார்படாஸிலிருந்து 'ஸ்வாலோ' என்ற கப்பல் வந்தது. அதில் இரண்டு பெண்கள், மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின். இருவரும் குவேக்கர்கள், பியூரிட்டன்கள் வெறுத்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். மேரி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வீட்டு வேலை செய்தவர். கரையில் கால் வைப்பதற்கு முன்பே துணை ஆளுநர் ரிச்சர்ட் பெல்லிங்ஹாம் பெட்டிகளைச் சோதனை போட்டு, கொண்டுவந்த நூறு புத்தகங்களைச் சந்தையில் எரிக்கச் செய்தார். இருவரையும் சிறையில் அடைத்து, யாரும் பேசிவிடக் கூடாது என்று ஜன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். பிறகு ஆடைகளை உருவி, உடம்பில் சூனியக்காரியின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். மச்சம், பாலுண்ணி எதுவும் போதும் அந்தக் காலத்தில்.

தூக்கு மேடை தயார், ஒருத்தியை ஏற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வந்தவர்களோ வெளியாட்கள், மத விரோதிகள், ஆண் துணை இல்லாத பெண்கள். ஆனாலும் நடந்தது என்ன? ஐந்து வாரம் அடைத்து வைத்துவிட்டு வந்த வழியே பார்படாஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் தலைவர் சைமன் கெம்ப்தார்ன் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோவதாக 100 பவுண்டுக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 15, இரவு

எழுத மறந்தது. அந்தப் பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்து நிக்கலஸ் அப்‌ஷால் என்ற வயதானவர் சிறைக்காவலருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கொடுத்துச் சாப்பாடு அனுப்பினார். பின்னால் அவரையும் ஊரை விட்டுத் துரத்தினார்கள். பாஸ்டனில் அந்த வருடம் விரட்டும் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

செப்டம்பர் 19, 2024

"இரண்டு பேரை வைத்து விதி போடுகிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. காரணத்தைச் சொல்கிறேன், ஒத்துவருகிறதா பாருங்கள்.

இந்த வழக்குகளின் சாட்சியங்களைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். யாரும் "நேற்று நடந்தது" என்று சொல்வதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் அவளோடு வாய்த்தகராறு, மறுநாள் கன்று செத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடன் கொடுக்க மறுத்தேன், குழந்தைக்கு வலிப்பு வந்தது. இப்படித்தான் போகும். சந்தேகம் ஊறுவதற்குக் காலம் வேண்டும். நேற்று கப்பலில் வந்தவளிடம் யாருக்கு என்ன பழைய கணக்கு இருக்கும்? அவளைப் பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வேறு வழிகள் இருந்தன. நியூ இங்கிலாந்து ஊர்களில் புதிதாக வந்தவரை 'வெளியேறு' என்று எச்சரித்து அனுப்பும் ஏற்பாடே உண்டு, பின்னால் ஏழையாகி ஊர்ப் பணத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. கனெக்டிகட்டில் 1637-இலேயே ஒரு சட்டம்: கல்யாணமாகாத, வேலைக்காரர் இல்லாத இளைஞன் ஊர் சம்மதமில்லாமல் தனிக்குடித்தனம் வைக்கக் கூடாது. அவ்வளவு கண்காணிப்பு. இத்தனை எளிய வழிகள் இருக்க, புதியவளுக்கு எதற்குத் தூக்குக்கயிறு?

எனக்கு இது புரிந்தது புத்தகத்தால் அல்ல. ஹார்ட்ஃபோர்ட் பக்கம் குடிவந்த புதிதில் அடுக்குமாடியில் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. சிரிப்பார்கள், கதவைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பல வருடம் கழித்து ஒரு பனிக்காலத்தில், யார் தோண்டிச் சுத்தம் செய்த இடத்தில் யார் வண்டியை விட்டது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரோடு தகராறு. அவர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். பட்டியலைப் பார்த்து அசந்துவிட்டேன். குப்பைத்தொட்டியை நாங்கள் வெளியே விட்ட நாட்கள், தாளிக்கும் வாசனை, மகளின் மிருதங்க வகுப்பு. நாங்கள் வந்த முதல் வருடத்துக் கதைகூட இருந்தது. மனிதர் அத்தனை வருடமும் சேமித்து வைத்திருந்தார், சிரித்துக்கொண்டே.

செப்டம்பர் 21, 2024

அப்புறம் கேதரின் ஹாரிசன். இந்த இழையில் நான் ஒருவரைப் பற்றித்தான் எழுதலாம் என்றால் இவரைப் பற்றித்தான் எழுதுவேன், ஏனென்றால் வந்தவளும் இவர்தான், வாழ்ந்தவளும் இவர்தான். ஊர் கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்ட், என் வீட்டிலிருந்து வண்டியில் சிறிது தூரம்.

1650-களின் தொடக்கத்தில் ஹார்ட்ஃபோர்டில் கேப்டன் ஜான் கல்லிக் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். குடும்பம், சுற்றம் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. இளம்பெண், வேலைக்காரி, வெளியாள். அதோடு ஜோசியம் வேறு. வில்லியம் லில்லி என்ற ஆங்கில ஜோதிடரின் புத்தகம் படித்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். கூட வேலை செய்த எலிசபெத் என்ற பெண் அப்போது வில்லியம் சாப்மன் என்பவரைக் காதலித்துக்கொண்டிருந்தார். "உனக்கு அவன் இல்லை, சைமன் என்ற பெயருள்ளவன்தான் மாப்பிள்ளை" என்றார் கேதரின். கடைசியில் எலிசபெத் சைமன் ஸ்மித்தைத்தான் கட்டிக்கொண்டார்.

கவனியுங்கள், அந்தச் சமயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. வேலைக்காரப் பெண் எதிர்காலம் சொல்கிறாள், அது பலிக்கவும் செய்கிறது, பியூரிட்டன் ஊர், சூனியத்துக்கு மரண தண்டனை என்று 1642-லிருந்தே சட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வேறு பெண்களைத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஆனாலும் யாரும் புகார் கொடுக்கவில்லை. கல்லிக் வேலையை விட்டு அனுப்பினார், அவ்வளவுதான்.

1653-இல் கேதரின் வெதர்ஸ்ஃபீல்டின் ஜான் ஹாரிசனை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள். ஜான் நன்றாகச் சம்பாதித்தார். 1666-இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற சொத்து 900 பவுண்டுக்கு மேல், அந்தக் காலத்தில் பெரிய பணம். முன்னாள் வேலைக்காரி இப்போது ஊரின் வசதியான விதவைகளில் ஒருவர். மறுமணமும் செய்துகொள்ளவில்லை. மகன் கிடையாது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நீதிமன்றத்துக்கு அவர் கொடுத்த மனுவில் ஒரு பட்டியல் இருக்கிறது, படித்தால் வயிற்றைப் பிசையும். உழவு மாடுகளை அடித்து வேலைக்கு ஆகாமல் செய்திருந்தார்கள். ஒரு பசுவின் முதுகும் இரண்டு விலாவும் முறிந்திருந்தன. இன்னொரு பசுவின் தாடை எலும்பை உடைத்து, விலாவில் துளை போட்டிருந்தார்கள். பன்றியின் காதில் இருந்த அடையாளத்தை அறுத்துவிட்டார்கள். பீர் காய்ச்ச உதவும் ஹாப்ஸ் கொடி படர்ந்த முப்பது கழிகளை வெட்டிச் சாய்த்தார்கள். இதைச் செய்தவர் ஒருவர் அல்ல, இரவோடு இரவாக யார் யாரோ. மனுவில் தன்னைத் துயரப்பட்ட விதவை, பலவீனமான பெண், கோபத்துக்கு ஆட்படுகிறவள் என்று எழுதிக்கொள்கிறார். கோபம் என்றால் எப்படிப்பட்ட கோபம்? மைக்கேல் கிரிஸ்வோல்ட் என்ற ஊர்க்காரரைப் பற்றி, அவன் ஆத்மா எப்போதோ நரகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அதற்காக அவதூறு வழக்கில் நஷ்டஈடு கட்ட வேண்டி வந்தது.

சாட்சியங்களைக் கேளுங்கள். அவர் நூற்கும் நூல் எந்தப் பெண்ணாலும் நூற்க முடியாத அளவு. பறந்து போன தேனீக் கூட்டத்தை ஆற்றுக்கு அப்பாலிருந்து திரும்ப வரவழைத்தார். "ஹாக்கனம், ஹாக்கனம், வா ஹாக்கனம்" என்று கூப்பிட்டால் மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. வைக்கோல் வண்டி ஒன்றின் மேல் சிவப்புக் கன்றின் தலை தெரிந்தது, அருகில் வந்து பார்த்தால் வண்டியில் கேதரின். இருபது வயது மேரி ஹேல் சொன்னது, இரவில் நாய் போன்ற ஒன்று படுக்கையில் ஏறி மேலே விழுந்து அழுத்தியது, அதன் தலை கேதரினின் தலை.

அப்புறம் அந்த எலிசபெத். இப்போது திருமதி ஸ்மித். பதினைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது. சாட்சிக் கூண்டில் வந்து சொல்கிறார்: அவள் என்னிடம் சைமன் என்று சொன்னாள், அது பலித்தது.

எனக்கு இந்த இடம்தான் விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சமையலறையில் இரண்டு வேலைக்காரப் பெண்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தது அது. அப்போது அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பேசியவள் பணக்காரியான பிறகு அதுவே மரண தண்டனைக்கு ஆதாரம்.

செப்டம்பர் 22, 2024

முடிவைச் சொல்லாமல் விட்டால் எப்படி என்று திட்டுகிறார்கள். சரி.

1669 மே மாதம் வழக்கு. ஜூரிக்குள் உடன்பாடு வரவில்லை, தள்ளிவைத்தார்கள். அக்டோபரில் குற்றவாளி என்றது ஜூரி. ஆனால் நீதிபதிகள் தீர்ப்பை நிறைவேற்றவில்லை. ஆளுநர் ஜான் வின்த்ராப் ஜூனியர் மருத்துவமும் ரசவாதமும் படித்தவர், சூனியம் என்ற பேச்சு வந்தாலே அவசரப்படாதவர். போதகர்களிடம் கேள்வி அனுப்பினார்கள். கெர்ஷம் பல்க்லி எழுதிய பதிலில் முக்கியமானது ஒன்று: ஒரே செயலை இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு இரவு, ஆளுக்கு ஒரு பேய் என்று சொல்வதையெல்லாம் கூட்டி ஒரு குற்றமாக்க முடியாது.

பேச்சு வழக்கில் சொன்னால் மேரி ஹேலின் நாய் மேரி ஹேலுக்கு மட்டும்தான் தெரிந்தது, அது செல்லாது. இந்த ஒரு நிபந்தனை சேலத்தில் 1692-இல் இருந்திருந்தால் வழக்குகளில் பாதிக்கு மேல் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1670 மே மாதம் விடுதலை. ஆனால் சிறைக் கட்டணத்தை அவரே கட்டிவிட்டு, வெதர்ஸ்ஃபீல்டை விட்டுப் போய்விட வேண்டும். அவருடைய பாதுகாப்புக்கும் அயலாரின் மனத்திருப்திக்கும் அதுவே நல்லது என்று நீதிமன்றம் எழுதியது. மாட்டின் விலாவில் துளை போட்டவர்களின் மனத்திருப்தி!

நியூயார்க் ஆளுகையில் இருந்த வெஸ்ட்செஸ்டருக்குப் போனார். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. ஊர்க்காரர்கள் உடனே புகார் கொடுத்தார்கள். அங்கே என்ன ஆயிற்று பாருங்கள், புதிய ஊர், புதியவள், சூனிய வழக்கில் சிக்கியவள் என்ற பெயர் வேறு. அவர்கள் கேட்டது தூக்கு அல்ல, வெளியேற்றம். நியூயார்க் நீதிமன்றம் சில மாதம் விசாரித்துவிட்டு அக்டோபரில், விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. வந்தவளுக்கு ஒரு நியாயம், வாழ்ந்தவளுக்கு ஒரு நியாயம் என்று நான் சொன்னது ஒரே பெண்ணின் வாழ்க்கையில் இரண்டும் நடந்ததால்தான்.

செப்டம்பர் 28, 2024

எதிர்க்கேள்விகள். ஒன்று, 'குடி' (Goody) குளோவர்; 'குடி' என்பது சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் பெயருக்கு முன் அப்போது போட்ட ஆங்கில மரியாதைச் சொல். 1688 நவம்பரில் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கப் பெண். சலவைத் துணி காணாமல் போனது பற்றி அவர் மகள்மேல் குட்வின் வீட்டுச் சிறுமி பழி போட, தாய் போய்ச் சத்தம் போட்டார். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வலிப்பு. நீதிமன்றத்தில் ஐரிஷ் மொழியில்தான் பதில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர்கள் வைத்து விசாரித்தார்கள். சூனியக்காரியால் ஆண்டவர் ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அந்தக் கால நம்பிக்கை; இவரால் முடியவில்லை என்பதும் குறையாயிற்று. மொழி, மதம், இனம் மூன்றிலும் அவர் வெளியாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரும் நேற்று வந்தவர் அல்ல, அந்தத் தெருவிலேயே துணி துவைத்துப் பிழைத்த குடும்பம். பல வருடம் கூடவே இருந்தும் உள்ளே சேர்க்கப்படாதவர். இது என் 'வந்தவள், வாழ்ந்தவள்' கணக்குக்குள் ஒழுங்காக அடங்காது. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது, மேரி ஜான்சன். வெதர்ஸ்ஃபீல்டு வேலைக்காரி. திருட்டுக்காக 1646-இல் சாட்டையடி வாங்கியவர். 1648 டிசம்பரில் சூனியக் குற்றச்சாட்டு, அதுவும் தன் வாக்குமூலத்தின் பேரில். சைத்தான் அவருக்கு என்ன செய்து கொடுத்தான் தெரியுமா? அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினான். சோளக் கொல்லையில் புகுந்த பன்றிகளை விரட்டினான். பொன்னும் பட்டும் கேட்கவில்லை அந்தப் பெண். யாராவது வந்து இந்தச் சாம்பலை அள்ளினால் தேவலை என்றுதான் நினைத்திருக்கிறாள். போதகர் சாமுவேல் ஸ்டோன் சிறைக்குப் போய்த் தொடர்ந்து பேசினார். தூக்கிலிட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 28, சற்று நேரம் கழித்து

"எங்கள் ஊர்ப் பக்கத்திலும் பில்லி சூனியம்…" என்று தொடங்கிய நண்பருக்கு: தனி இழை போடுங்கள், கட்டாயம் வந்து படிக்கிறேன். இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

அக்டோபர் 5, 2024

கேள்வியில் 'இளம்பெண்' என்ற பகுதியை நான் இதுவரை சரியாகத் தொடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களே அதிகம். அண்ணன் தம்பியோ மகனோ இல்லாமல் சொத்துக்கு வாரிசானவர்கள் அதில் நிறைய என்பதைக் கேரல் கார்ல்சன் என்ற வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியிருக்கிறார். கேதரின் ஹாரிசனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இளம் வெளியாட்கள் எங்கே? சாட்சிக் கூண்டில்! குற்றம் சாட்டிய பக்கம்.

மெர்சி லூயிஸ் வடக்கே மெயின் என்ற பகுதியில் பூர்வகுடிகளோடு நடந்த எல்லைப் போரில் பெற்றோரை இழந்த அகதி. சேலம் கிராமத்தில் தாமஸ் பட்னம் வீட்டில் வேலை. அதற்கு முன்னால் ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர் வீட்டில் இருந்தவர். 1692-இல் அதே பரோஸ் உயர்ந்த மலைமேல் தன்னை ஏற்றி உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டினார் என்று சாட்சி சொன்னார். பைபிளில் சைத்தான் இயேசுவிடம் செய்தது அது. ஆகஸ்ட் 19 அன்று பரோஸைத் தூக்கிலிட்டார்கள். மேடையில் நின்று ஆண்டவர் ஜெபத்தைப் பிசகில்லாமல் சொன்னார், கூட்டம் கலங்கியது, ஆனாலும் விடவில்லை.

மேரி வாரன் ஜான் பிராக்டர் வீட்டு வேலைக்காரி, இருபது வயதை ஒட்டியவர். மற்ற பெண்கள் நடிக்கிறார்கள் என்று ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார். உடனே அவர்மேலேயே குற்றச்சாட்டு பாய்ந்தது, கைது. சிறையிலிருந்து மறுபடியும் குற்றம் சாட்டும் பக்கமே போய்ச் சேர்ந்தார். உண்மை பேசினால் கயிறு, ஒத்துப்போனால் உயிர் என்பது அவருக்குச் சில நாளிலேயே விளங்கிவிட்டது. பிராக்டரைத் தூக்கிலிட்டார்கள்.

அபிகெயில் ஹாப்ஸ் தனி ரகம். டாப்ஸ்ஃபீல்டில் இருந்த பதின்ம வயதுப் பெண், முன்பு மெயினில் வாழ்ந்தவர். ராத்திரியில் காட்டில் சுற்றுவார். பயமில்லையா என்று தோழி கேட்டால், உடலையும் உயிரையும் கிழட்டுச் சைத்தானுக்கு விற்றுவிட்டேன், எனக்கென்ன பயம் என்பார். மாற்றாந்தாய் முகத்தில் தண்ணீரை வீசி, உனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று என்றார். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றவில்லை. உங்கள் கதைகளில் வரும் அடங்காத இளம்பெண்ணுக்கு ஏடுகளில் இருக்கும் மிக நெருங்கிய ஆள் இவர்தான். ஒரே வித்தியாசம், கதைகளில் அவள் நிரபராதி என்று வாதாடுவாள். இவர் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டார், அதனால் பிழைத்தார்.

அக்டோபர் 6, 2024

நேற்றைய பதிவுக்கு ஒரு ஒட்டு. வேலைக்காரப் பெண்ணுக்கு வலிப்பு வந்தால் கதை எப்போதும் தூக்கில் முடிய வேண்டியதில்லை. 1671-இல் குரோட்டனில் எலிசபெத் நாப், 16 வயது, போதகர் சாமுவேல் வில்லர்ட் வீட்டில் வேலை. கத்தினார், உருண்டார், அயல்வீட்டுப் பெண்மேல் பழி சொன்னார். வில்லர்ட் குறிப்பெடுத்துக்கொண்டே பொறுமையாக இருந்தார், பழியைப் பரவ விடவில்லை. ஒருவரும் சாகவில்லை. எலிசபெத் பின்னால் கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தினார்.

1692-இல் கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் கேதரின் பிராஞ்ச், 17 வயது வேலைக்காரி, இதே மாதிரி. அங்கே அவர் பழி சொன்ன எலிசபெத் கிளாசனுக்கு ஆதரவாக 76 ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீரில் கைகால் கட்டிப் போடும் சோதனையும் நடந்தது, தக்கை மாதிரி மிதந்தார். மிதந்தால் சூனியக்காரி என்பது கணக்கு. ஆனால் அந்தச் சோதனையே பாவம் என்றார்கள் போதகர்கள், ஜூரி விடுவித்தது. சேலத்தில் அதே ஆண்டு நடந்ததை நினைத்தால் தலை சுற்றும்.

அக்டோபர் 13, 2024

டிட்டூபாவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர். பேசலாம். காட்டில் சிறுமிகளைக் கூட்டிவைத்து மந்திரம் கற்றுக்கொடுத்த கறுப்பினப் பெண் என்பது பிற்காலக் கற்பனை. அந்தக் கால ஏடுகளில் அவர் 'இந்தியன்', அதாவது பூர்வகுடி. சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் அடிமை; முதலில் வலிப்பு வந்தது அந்த வீட்டுச் சிறுமிகளுக்குத்தான். சூனியக்காரி யார் என்று கண்டுபிடிப்பதற்காகச் சுட்டு நாய்க்குக் கொடுத்த ரை மாவு ரொட்டிகூட மேரி சிப்லி என்ற அக்கம்பக்கத்து ஆங்கிலப் பெண்ணின் யோசனை.

1692 மார்ச் 1 அன்று மூன்று பேரை விசாரித்தார்கள். சாரா குட், சாரா ஆஸ்பர்ன் இருவரும் மறுத்தார்கள். டிட்டூபா ஒப்புக்கொண்டார். மஞ்சள் பறவை, சிவப்புப் பூனை, பாஸ்டனிலிருந்து வந்த உயரமான ஆள், புத்தகத்தில் ஒன்பது கையெழுத்துக்குறிகள். பாரிஸ் அடித்துச் சொல்லவைத்தார் என்று டிட்டூபா பின்னால் சொன்னதை ராபர்ட் கேலஃப் என்ற பாஸ்டன் வியாபாரி பதிவு செய்திருக்கிறார். மறுத்த இருவரில் ஒருவர் தூக்கில், மற்றவர் சிறையில் செத்தார்கள். டிட்டூபா சிறையிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தார், ஏனென்றால் சிறைக் கட்டணத்தைக் கட்ட பாரிஸ் மறுத்துவிட்டார். கடைசியில் யாரோ ஒருவர் அந்தக் கட்டணத்தைக் கட்டி அவரை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் எனக்கு இன்னும் பிடித்தவர் கேண்டி. பார்படாஸிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின அடிமை, எஜமானி மார்கரெட் ஹாக்ஸ். ஜூலை 4 அன்று விசாரணை. நீ சூனியக்காரியா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: என் நாட்டில் நான் சூனியக்காரி இல்லை, என் அம்மா சூனியக்காரி இல்லை. பார்படாஸில் கேண்டி சூனியக்காரி இல்லை. இந்த நாட்டில் எஜமானிதான் கேண்டியைச் சூனியக்காரி ஆக்கினாள்.

எதை வைத்துச் செய்தாய் என்றார்கள். வெளியே போய் முடிச்சுப் போட்ட கைக்குட்டை, கிழிந்த துணித்துண்டு, கொஞ்சம் பாலாடைக்கட்டி, கொஞ்சம் புல் கொண்டுவந்து வைத்தார். நீதிபதிகள் அந்தப் புல்லை அவரையே தின்னவைத்தார்கள். கந்தலை எரித்துப் பார்த்தார்கள், தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், சிறுமிகள் அதற்கேற்றபடி அலறினார்கள். படித்த பெரிய மனிதர்கள் செய்த பரிசோதனை இது. 1693 ஜனவரியில் ஜூரி கேண்டியைக் குற்றமற்றவர் என்றது.

அக்டோபர் 27, 2024

மகள் நச்சரித்ததால் சேலம் போய்வந்தோம். அக்டோபரில் போகாதீர்கள். வண்டி நிறுத்த இடமில்லை, ஊர் முழுக்கக் கூம்புத் தொப்பி, போலீஸ் வண்டியிலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி படம். தூக்கிலிட்ட இடம் எது என்று 2016-இல்தான் உறுதிப்படுத்தினார்கள், பிராக்டர்ஸ் லெட்ஜ். கூம்புத் தொப்பிக்காரர்கள் அதிகம் அந்தப் பக்கம் வருவதில்லை.

எல்லாம் தொடங்கிய சேலம் கிராமம் அது அல்ல, இன்றைய டான்வர்ஸ். பாரிஸ் வீட்டின் அடித்தளக் கற்களை 1970-இல் தோண்டி எடுத்தார்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் நடந்து போக வேண்டும். சாதாரணக் கல்கட்டுதான். எங்கள் வரவேற்பறையைவிடப் பெரிதாக இருக்காது. இந்தச் சின்ன இடத்தில் இத்தனை பேரா என்றாள் மகள். போதகர், மனைவி, பிள்ளைகள், உறவுக்காரச் சிறுமி, அடிமைகள், பனிக்காலம் வேறு. ஒருவர் முணுமுணுத்தால் எல்லாருக்கும் கேட்கும்.

நவம்பர் 2, 2024

ஒருவர் எழுதியிருக்கிறார்: "கைதானவர்களில் மிக இளையவர் யார்?" டோரதி குட். சாரா குட்டின் மகள், நான்கைந்து வயது. கைது ஆணையில் பெயரையே டார்கஸ் என்று தப்பாக எழுதினார்கள். எட்டு மாதத்துக்கு மேல் சங்கிலியில். அதற்குள் தாயைத் தூக்கிலிட்டாயிற்று. 50 பவுண்டு ஜாமீனில் வெளியே வந்தாள். 1710-இல் தகப்பன் வில்லியம் குட் நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுவில், அன்றிலிருந்து அவளுக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் புத்தி இல்லை, செலவுதான் ஆகிறது என்கிறார். 30 பவுண்டு கொடுத்தார்கள். இதே வில்லியம் குட் தன் மனைவிக்கு எதிராக விசாரணையில் பேசியவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கனெக்டிகட் சட்டமன்றம் 2023-இல் அங்கே தண்டிக்கப்பட்டவர்களைக் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது, 1647-இல் தூக்கிலிடப்பட்ட ஆல்ஸ் யங்கிலிருந்து. மாசசூசெட்ஸில், சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் ஜூனியருக்கு 2022-இல் விடுதலை வந்தது, அதற்கு முயற்சி எடுத்தது ஒரு பள்ளி வகுப்புப் பிள்ளைகள்.

நவம்பர் 3, 2024

மேரி ஃபிஷர் என்ன ஆனார் என்ற கேள்விக்கு: 1658-இல் துருக்கிக்குப் போய் சுல்தான் நான்காம் மெஹ்மதின் பாசறையில் அவரைச் சந்தித்துப் பிரசங்கம் செய்தார். சுல்தான் மரியாதையாகக் கேட்டு, துணைக்கு ஆள் அனுப்பவா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பினார். 1698-இல் சார்ல்ஸ்டனில் இறந்தார்.

நவம்பர் 9, 2024

மூல ஆவணங்களைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: சேலம் வழக்கு ஆவணங்களை வர்ஜீனியா பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டல் பயமுறுத்தும், வாய்விட்டுப் படித்தால் புரியும். தேதியில் மட்டும் கவனம். அப்போது புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும், அதனால் டிட்டூபாவின் மார்ச் 1 விசாரணை ஏடுகளில் 1691 என்றும் இருக்கும். தேதி தப்பு என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். ஹாரிசன் வழக்கைப் படிப்பவர்கள் சாட்சிகளை அப்புறம் வைத்துக்கொண்டு, கேதரினின் சொந்த மனுவிலிருந்து தொடங்குங்கள். மாடுகளின் பட்டியலைப் படித்த பிறகு மேரி ஹேலின் நாய்க் கதை வேறு மாதிரி கேட்கும்.